விஜிக்கு, கும்மியும் வயலினும் பற்றி

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, திட்டாதே. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இப்போதுதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை நடக்கிறாள். போகும்போதும் வரும்போதும் சிங்கப்பூரைத் திட்டுகிறாள், அதனால் உடம்பு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். ஆண்டு விழாவுக்குக் கும்மிப் பாட்டையும் உன் வயலின் பிள்ளைகளையும் சேர்த்து மேடையேற்ற வேண்டும், கீபோர்டு வாத்தியார் கீழே கார்டு (இரண்டு மூன்று ஸ்வரங்களை ஒன்றாக அழுத்துவார்களே, அந்த chord) போட்டால் போதும், ஃப்யூஷன் ஆகிவிடும் என்கிறார், உனக்கு மனசு ஒப்பவில்லை. எனக்கும்தான். மெட்டை மட்டும் பிய்த்தெடுத்து அதன் அடியில் கார்டு விரித்தால் கும்மியும் நிற்காது, வயலினுக்கும் வேலை இருக்காது.

போன மாதம் இங்கே 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' என்ற சீன வயலின் கான்செர்ட்டோ கேட்டேன், தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற பெரிய உருப்படி. நீயும் யூடியூபில் கேட்டிருப்பாய். 1959-இல் ஷாங்காய் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஹே சான்ஹாவ், சென் காங் என்ற இரண்டு மாணவர்கள் போட்டது. முதல் தடவை வாசித்த யூ லீனாவும் அங்கே படித்த பெண்தான், இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் கிராமத்துக்குப் போய் மேல்நாட்டு உருப்படிகளை வாசித்தபோது கேட்டவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லையாம். அப்புறம்தான் சீனப் பாட்டை வயலினில் கொண்டுவர ஒரு சோதனைக் குழு அமைத்தார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்த பழங்கதை. ஆண் வேஷம் போட்டுப் படிக்கப் போகும் ஜூ யிங்தாய், கூடப் படிக்கும் லியாங் ஷான்போ, வேறொருவனோடு அவளுக்கு நிச்சயமாகும் கல்யாணம், லியாங்கின் சாவு, அவன் கல்லறை பிளந்து இவள் உள்ளே பாய்வது, கடைசியில் இரண்டு பட்டாம்பூச்சிகள்.

நான் சொல்ல வந்தது கதையை இல்லை, இடதுகையை. ஹே சான்ஹாவ் கல்லூரிக்கு வருவதற்கு முன் செஜியாங்கில் யுவே நாடகக் குழுவில் வாத்தியம் வாசித்தவர். பெண்களே ஆண் வேஷமும் கட்டிப் பாடும் நாடகம் அது. அவர் அங்கிருந்து மெட்டை மட்டும் எடுத்து வரவில்லை, குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் விதத்தையும் சேர்த்தே எடுத்து வந்தார். எர்ஹு என்ற சீன வில் வாத்தியம் பார்த்திருக்கிறாயா? இரண்டே கம்பி, வில்லின் மயிர் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கும், வெளியே எடுக்க முடியாது, விரல் அழுத்தப் பலகையே கிடையாது, கம்பியை அந்தரத்தில்தான் தொட வேண்டும். அதனால் வழுக்கல் அதன் பிறவிக்குணம். அந்தக் குழைவை வயலின் விரலுக்குக் கொண்டுவந்ததுதான் பெரிய காரியம். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் ஆரம்பித்து நம் ஆட்கள் செய்ததும் ஏறக்குறைய இதேதானே, தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து, ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கிற கமகத்துக்காக இடதுகையை விடுவித்துக்கொண்டது!

கல்லறைக் காட்சியைக் கவனித்துக் கேள். கீழே ஆர்கெஸ்ட்ரா படபடவென்று இறுக்கமாக ஓடும், மேலே வயலின் அதைச் சட்டை பண்ணாமல் இழுத்து இழுத்துப் புலம்பும். சீன நாடக மேடையில் பாடகி அப்படித்தான் பாடுவாள், தாளம் விரட்டும், அவள் மசிய மாட்டாள். இதைக் கார்டு போட்டு வரவழைக்கவே முடியாது. அதற்கு முன்னால் செல்லோவும் (வயலின் குடும்பத்துப் பெரிய, கனத்த குரல் வாத்தியம்) வயலினும் பிரிவுக்கு முன் பேசிக்கொள்வதுபோல் வரும் பகுதியும் அப்படித்தான், இரண்டு பேர் மேடையில் நிற்கிறார்கள் என்றே தோன்றும். எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட நாட்களைக் காட்டும் துள்ளல் பகுதி எனக்குக் கொஞ்சம் சர்க்கரை கூடிப்போன ரகம். (சென் காங்கின் அப்பா சென் கெசின் ஷாங்காயின் பிரபல பாட்டு இசையமைப்பாளர். வலதுசாரி என்று முத்திரை குத்தி உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள், 1961-இல் அங்கேயே இறந்தார். கலாசாரப் புரட்சி வந்ததும் மகனின் கான்செர்ட்டோவுக்கும் தடை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் துள்ளலை ரொம்பக் குறை சொல்ல மனசு வரவில்லை.)

சேர்க்காமலே பக்கத்தில் வைப்பதும் ஒரு வழி. ஜப்பானில் தாகேமிட்சு என்ற இசையமைப்பாளர் அதைத்தான் செய்தார். 1967-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் 125-ஆம் ஆண்டுக்கு எழுதிய உருப்படியில் பிவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியமும் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலும் ஒரு பக்கம், ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம். அவை இரண்டும் மட்டும் நீளமாக வாசிக்கும்போது அத்தனை பேரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஆண்டு விழாவில் அதற்குப் பொறுமை யாருக்கு, ஸ்வீட் பாக்கெட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் உனக்கு என் யோசனை இது. உங்கள் தெருவில் கும்மி பாடுகிற பாட்டி யாராவது இருந்தால் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போ, நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போகவே விடாதே. எங்கே மூச்சு வாங்குகிறாள், அடி கடைசியில் குரலை எப்படி விடுகிறாள் என்று காதால் பிடித்துக்கொள்ளட்டும், அப்புறம் வில்லை எடுக்கட்டும். கைதட்டுத்தான் தாளம், ரிதம் பேட் வேண்டவே வேண்டாம். கீபோர்டு வாத்தியார் கோபித்துக்கொண்டால் ஸ்ருதி பிடிக்கச் சொல், கௌரவமான வேலைதான். தவில்காரரை அழைத்தால் மட்டும் வயலின் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வை, பக்கத்தில் போட்டால் எத்தனை மைக் வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

மார்கழிக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. விழா ஜனவரிக்குத் தள்ளிப்போனால் முன்னாடியே சொல், லீவை மாற்றிப் போட வேண்டும். அம்மா உன்னை விசாரிக்கிறாள், கூடவே நார்த்தங்காய் ஊறுகாயையும்.

அன்புடன்,
கமலா