செல்லாத நோட்டுத் தோரணம்

யாங்கோன், பர்மா
திங்கள் இரவு

அன்புள்ள செல்லி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்குப் பிறந்தநாள் வைத்தோம். நேற்று வீட்டில் இருபத்திரண்டு பிள்ளைகள். பெருக்கிப் பெருக்கி ஓய்ந்துவிட்டேன், இன்னும் எங்கே கால் வைத்தாலும் ஜிகினாத் தூள் ஒட்டுகிறது. இதை எழுதும்போதும் முழங்கையில் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் உன் முழங்கால். மூன்று மாடி ஏறி இறங்காதே என்று டாக்டர் சொன்ன பிறகும் வடாம் காயப்போட மொட்டைமாடிக்குப் போனாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன்னை என்ன செய்வது? பர்மா பஜார் அத்தோக் கடையை மகன் மாலையில் மட்டும் திறப்பது நல்லதுதான். வெயிலில் நின்று யார் அத்தோ சாப்பிடப் போகிறார்கள்?

சரி, பிறந்தநாள் கதைக்கு வருகிறேன். மருமகள் ஒரு அலங்காரக் கடையில் விலை கேட்டு வந்தாள். பலூனில் ஒரு வளைவு, பின்னால் ஒரு மினுமினுப்புத் திரை, பேர் எழுதிய ஒரு அட்டை. அவர்கள் கேட்ட தொகையைச் சொன்னபோது நான் அரிசி மூட்டையைத்தான் நினைத்தேன். எல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு, அப்புறம் குப்பை. "வீட்டில் இருப்பதை வைத்து நானே செய்கிறேன்" என்றேன். மருமகள் ஒன்றும் பேசவில்லை. பேத்திதான், "அப்பத்தா, ஏழை வீட்டுப் பிறந்தநாள் மாதிரி ஆகிடாதே?" என்றாள். ஒன்பது வயதில் இந்தக் கேள்வி! எனக்குச் சுருக்கென்றது. அதனாலேயே பிடிவாதம் கூடிவிட்டது.

தெருமுனைத் தையல்காரரிடம் லுங்கித் துண்டுகள் ஒரு பை வாங்கினேன். காசு வேண்டாம், குப்பையைக் கொண்டுபோனால் போதும் என்றார். அவற்றை முக்கோணமாக வெட்டிச் சணல் கயிற்றில் தைத்ததில் கூடம் முழுக்க வந்தது. அச்செய்க் அலைக்கோடு போட்ட துண்டுகள் மட்டும் தனி அழகு. அடுத்த வீட்டுப் பர்மாக்கார அக்காவிடம், அமா என்றுதான் கூப்பிடுகிறோம், பழைய பத்தெய்ன் ஊர் மூங்கில் குடைகள் ஐந்து இருந்தன. ஒன்றில் கம்பி போயிருந்தது, ஒன்றில் எலி கடித்த ஓட்டை. தலைகீழாகத் தொங்கவிட்டால் ஓட்டை யாருக்குத் தெரியும்? மூங்கில் விலாவும் நூல் பின்னலும்தான் கண்ணில் படும்.

பால் டின் விளக்கு நினைவிருக்கிறதா? அரிசி அளப்போமே, எட்டு டின் ஒரு பியி என்று, அதே டின்தான். ஆணியால் ஓட்டை போட்டு உள்ளே மெழுகுவத்தி வைப்பது. வெறும் டின்னில் அடித்தால் நசுங்கிவிடும். தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிட்டு அடி என்று மருமகள் எங்கோ பார்த்துச் சொன்னாள். இங்கே மின்சாரம் இருக்கும் நேரத்தில் தண்ணீர் குளிர்ந்தாலே பெரிது, எங்கே உறைவது! ஈர மணலை இறுக்கி அடைத்து அடித்தேன். அச்சு அசலாக வந்தது. பதினாறு டின். கட்டைவிரலில் இரண்டு காயம்.

அப்புறம் யானை. பேத்தி பிறந்தது புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு. பிறந்த கிழமைக்கு ஒரு விலங்கு வைக்கும் பர்மாக்காரர் கணக்கில் புதன் நண்பகலுக்கு முன் என்றால் தந்தமுள்ள யானை, பின் என்றால் தந்தமில்லாத யானை, அது ராகுவுக்கு. உனக்குத் தெரியாதா, நீ வெள்ளிக்கிழமைப் பெருச்சாளி என்று உன்னை எத்தனை கேலி செய்திருப்போம்! அது பெருச்சாளி இல்லை, கினிப்பன்றி என்று பின்னால்தான் எனக்கே தெரிந்தது. ஷ்வேடகோன் புத்தர் கோயில் படிக்கட்டுக் கடைகளில் காகிதக்கூழ் பொம்மை விற்பார்களே, தூக்கிப் போட்டாலும் எழுந்து உட்காரும் குண்டு பொம்மை, தங்க ஆந்தை எல்லாம். அந்த வேலையையே நானும் செய்து பார்த்தேன். மண்பானையைக் கவிழ்த்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய செய்தித்தாளை ஏழு அடுக்கு ஒட்டினேன். மழைக்காலத்தில் காயவே இல்லை. நாலாம் நாள் புளித்த வாடை. அடுப்புப் பக்கத்தில் வைத்து ஒருவழியாகக் காயவைத்து வெள்ளை அடித்தேன். தும்பிக்கை நன்றாக அமைந்தது. முகம்தான் கொஞ்சம் உன் பெரியப்பா சாயல்.

விருந்துக்கு முதல்நாள் இரவு, மகளின் பையன் பந்தால் அடித்து இரண்டு தந்தத்தையும் உடைத்துவிட்டான். அமா வந்து பார்த்துவிட்டு, "இனி இது ராகு யானை, நேரத்தை மாற்றிவிட்டீர்கள்" என்று பதறினாள். ராத்திரி பதினொரு மணிக்கு முருங்கைக்காயை நறுக்கித் தந்தமாகச் செருகினேன். சிரிக்காதே. சுண்ணாம்பு பூசியதும் யாருக்கும் தெரியவில்லை. காலையில் காளி கோவிலுக்கு அர்ச்சனைக்குப் போனபோது, சாம்பார் வாசனை வராமல் பார்த்துக்கொள் தாயே என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

ஒரு தப்பும் செய்யப் பார்த்தேன். பிக்குகளுக்குச் சோறு கொண்டுபோகும் அரக்குப் பாத்திரம் ஒன்று, கோபுரம் போல மூடி வைத்தது, பரணில் கிடந்தது. கேக் வைக்க அதைவிட அழகானது கிடைக்காது என்று துடைத்து வைத்தேன். அமா பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டு எடுத்துவிட்டு, பூப்போட்ட எனாமல் தூக்குச்சட்டியின் அடுக்குகளைக் கவிழ்த்துப் படிப்படியாக வைத்தேன். கேக்கும் கடையில் வாங்கவில்லை. சனுவின் மகின் என்கிற பர்மாப் பலகாரம்தான். ரவை, தேங்காய்ப்பால், மேலே கசகசா. கீழேயும் நெருப்பு, மூடி மேலேயும் நெருப்பு வைத்துச் சுட்டோம். உன் அம்மா ரவா கேக் என்பார்களே, அதே.

இதையெல்லாம்விட உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. சணல் கயிறு தேடிப் பெட்டியைக் குடைந்தபோது மாமனாரின் பிளாஸ்டிக் பை கிடைத்தது. உள்ளே அறுபது நோட்டு, எல்லாம் 75 கியாட். உங்கள் வீட்டுக்கு 1964 என்றால் எங்கள் வீட்டுக்கு 1987. 1964 மார்ச்சில் உன் அப்பாவின் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள். அடுத்த வருஷம் நீ இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாய். மிச்சக் கூத்தெல்லாம் இருந்தவர்களுக்கு. இந்த 75 நோட்டு 1985 நவம்பரில் வந்தது. அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்கு 75 வயது ஆனதற்காக அடித்தார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை, 25, 35, 75 மூன்றும் செல்லாது. மாற்றியும் தர மாட்டோம் என்றார்கள். என் நாத்தனார் கல்யாணத்துக்கு மாமனார் சேர்த்த 4,500 கியாட் அப்படியே காகிதம். அந்த மாதமே 45, 90 என்று புது நோட்டு விட்டார்கள், ஒன்பதால் வகுபடுமாம், அது நே வின்னுக்கு ராசி எண்ணாம். தெய்ஞ்சி சந்தையில் பருப்பு நிறுப்பவர்கள் சில்லறை கணக்குப் போட்டுத் திண்டாடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாமனார் அந்தப் பையைத் தூக்கிப் போட ஒப்பவே இல்லை. என்றாவது மாற்றித் தருவார்கள் என்று சாகிறவரை சொன்னார். பின்னால் என் வீட்டுக்காரர் போஜோ சந்தையில் பழைய காசு விற்பவரிடம் கொண்டுபோய்க் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, என்னிடமே கட்டுக்கட்டாக இருக்கிறது என்றாராம். அதோடு பை பெட்டிக்குள் போய்விட்டது.

பேத்தி எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு பணமா! இது பிறந்தநாள் நோட்டா?" நான்தான் 75 வயதுக் கதையைச் சொல்லித் தொலைத்தேன். "அப்போ எனக்கும் தோரணம் கட்டலாமே" என்றாள். எனக்கு ஆசைதான். ஆனால் என் வீட்டுக்காரருடைய அப்பாவின் பணம் ஆயிற்றே. கேட்டேன். பதில் சொல்லாமல் வெற்றிலை மடித்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "பசை போடாதே, கிளிப் போடு" என்றார். அவ்வளவுதான்.

கிளிப் போட்டே கட்டினோம். நோட்டில் இருக்கும் ஜெனரல் ஆங் சான் முகம் அறுபது, வரிசையாகச் சன்னலிலிருந்து கதவு வரைக்கும். நடுநடுவே என்னிடம் மிச்சம் இருந்த 45 நோட்டும் 90 நோட்டும். பேத்தி பார்த்த உடனே, "ரெண்டும் ஒன்பதாம் வாய்பாட்டில் வருது, எனக்கும் ஒன்பது!" என்று குதித்தாள்.

நேற்று நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். நாலரைக்கு மின்சாரம் போயிற்று. பாட்டுப் பெட்டி நின்றது, மருமகள் முகம் சுருங்கிவிட்டது. நான் பால் டின்களை ஏற்றினேன். மழை வேறு, கூடம் நன்றாக இருட்டியிருந்தது. குடைகளின் மேல் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம். பிள்ளைகள் ஒரு நிமிஷம் சத்தமே போடவில்லை. அப்புறம் போட்டார்கள் பார்!

பாட்டு இல்லாமல் என்ன விளையாடுவது? யாரோ ஒரு பையன் தோரணத்திலிருந்து ஒரு நோட்டை உருவிக்கொண்டு கடைக்குப் போவதாக விளையாட ஆரம்பித்தான். உடனே எல்லாரும் உருவினார்கள். நான் பதறி இவரைப் பார்த்தேன். இவர் எழுந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு, பனைவெல்லக் கட்டித் தட்டையும் வேர்க்கடலைத் தட்டையும் முன்னால் வைத்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் வரிசை கட்டின. ஒவ்வொரு நோட்டையும் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "செல்லும்" என்றார். அடுத்தது, "செல்லும்". அறுபதுக்கும் அதே சொல். ஒரு நோட்டுக்கு ஒரு வெல்லக்கட்டி. 38 வருஷத்துக்கு அப்புறம் அந்த நோட்டு ஒரு சாமான் வாங்கியது, செல்லி. நான் அடுப்படிக்குள் போய், நூடுல்ஸில் ஊற்றும் மீன்குழம்பு மொய்ங்கா கிளறுவது போல நின்றுகொண்டேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொய்ங்கா போதவில்லை. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. முருங்கைக்காய்த் தந்தத்தை யாரோ பிடுங்கிக் கடித்துப் பார்த்தார்கள். போகும்போது ஒரு பெண் பிள்ளை, என் பிறந்தநாளுக்கு இந்தக் குடைகளைத் தருவீர்களா என்று கேட்டாள். பேத்தி முந்திக்கொண்டு, "வாடகைக்குத் தருவோம்" என்றாள். எந்த ரத்தம் என்று தெரியவில்லை.

மேசை நடுவில் பூ வைத்தது எதில் தெரியுமா? உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில். நீங்கள் புறப்பட்ட அன்று உன் அம்மா என் அம்மா கையில் கொடுத்தது. நமக்கும் அப்போது ஒன்பது வயது. அறுபது வருஷமாக எங்கள் வீட்டில் ஊசி நூல் டின். பக்கத்தில் பெயிண்ட் உரிந்துவிட்டது, மூடி மட்டும் இன்னும் டப்பென்று மூடுகிறது. உன் அம்மா கலர்த்தாளில் ரோஜா செய்வார்களே, இதழ் நுனியைக் கத்திரியால் சுருட்டி, அதைச் செய்யப் பார்த்தேன். முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. உனக்கு அந்தக் கை நினைவிருந்தால் எழுது, இல்லை படம் போட்டு அனுப்பு.

எங்கள் தெருப் பையன் அடுத்த வாரம் சென்னை வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். உள்ளே 75 கியாட் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன், கொஞ்சம் வெல்லப் பிசுக்கு இருக்கும். இவர்தான் எடுத்துக் கொடுத்தார். துறைமுகத்தில் உன் அம்மாவின் தோட்டைக்கூடக் கழற்றிக்கொண்டுதான் விட்டார்கள். இதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஒளிக்காமல் எழுது.

உன்
புதன்கிழமை யானை