பட்டறை மேசைக்குத் தகடு வாங்கும் முன் அடிச்சட்டத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் கார் ஷெட்டில் பட்டறை மேசை போடுவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கையால் வேலை செய்கிறவர்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் முடிந்தவரை தடிமனான இரும்புத் தகடாக வாங்கிப் போட்டால் போதும், அப்புறம் கவலையே இல்லை என்று அதில் எழுதியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை. அதை நம்பி வாங்குகிறவருக்குப் பணமும் போகும், தூக்கி வைப்பதற்குள் முதுகும் போகும், கடைசியில் மேசை ஆடவும் செய்யும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் கிட்டத்தட்ட 7.85 கிலோ. 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம் என்று சாதாரண மேசை அளவை எடுத்துக்கொண்டால் 3 மி.மீ. தகடு 32 கிலோ, 6 மி.மீ. என்றால் 64 கிலோ, 10 மி.மீ. என்றால் 106 கிலோ. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 75 செ.மீ. அகலமுள்ள 6 மி.மீ. தகடு முழுவதும் சேர்ந்து வளைவை எவ்வளவு எதிர்க்குமோ, அதைப்போல நான்கு மடங்கு எதிர்க்கும் அதன் அடியில் ஓடுகிற ஒரே ஒரு 40×40×5 ஆங்கிள், அதாவது இரு பக்கமும் 40 மி.மீ., தடிமன் 5 மி.மீ. உள்ள 'L' வடிவ இரும்புச் சட்டம். அந்த ஆங்கிள் மீட்டருக்கு வெறும் 3 கிலோதான். மேசையின் குறுக்கே மூன்று ஆங்கிள் கொடுத்தால் 7 கிலோவுக்குள் வேலை முடிந்துவிடும். தகட்டை 3-லிருந்து 6-க்கு ஏற்றினால் 32 கிலோ கூடும். எது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவே வேண்டாம்.

அதனால் என் யோசனை இதுதான்: பொதுவான வேலைக்கு 3 மி.மீ. அல்லது 4 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல் என்கிற சாதா இரும்பு) தகடு, சுற்றிலும் ஆங்கிள் அல்லது 50×50 ஸ்கொயர் ட்யூபில் (சதுரக் குழாயில்) ஒரு சட்டம், நடுவில் 40, 45 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம். முன் ஓரத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனென்றால் நாம் சாய்வதும் கிளாம்ப் போடுவதும் கனமானதை முதலில் இறக்கி வைப்பதும் அங்கேதான். ஒரே இடத்தில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிக்கிற வேலை, மேசை மேலேயே வெல்டிங் வைக்கிற வேலை, இவை தினமும் உண்டு என்றால் 6 மி.மீ.க்கோ அதற்கு மேலோ போங்கள். அங்கே தடிமனுக்குக் காரணம் இருக்கிறது. மெல்லிய தகடு அடிபட்ட இடத்தில் குழிந்துவிடும், வெல்டிங் சூட்டில் நெளிந்துவிடும், அடியில் எத்தனை ஆங்கிள் கொடுத்தாலும் அதைத் தடுக்க முடியாது.

சட்டத்தின் மேல் தகட்டை எப்படிப் பிடிக்க வைப்பது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது, பாதிப் பேர் கோட்டை விடுவதோ அங்கேதான். சுற்றிலும் ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் பலமாக இருக்கும் என்று தோன்றும். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது தகட்டை இழுக்கும், காலையில் வந்து ஒரு நேரான அலுமினியப் பட்டையை மேலே வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியும். அந்த நெளிவை அப்புறம் எடுப்பது பெரும்பாடு. முதலில் நான்கு மூலையிலும் நடுவிலும் டேக் (புள்ளி அளவு வெல்டிங்) மட்டும் போடுங்கள், பிறகு அடிப்பக்கமாக 3, 4 செ.மீ. நீளத்துக்குச் சின்னச் சின்னதாக, 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்டு, ஒன்று இந்தக் கோடியில் என்றால் அடுத்தது அந்தக் கோடியில் என்று மாற்றி மாற்றி வையுங்கள், நடுவில் ஆறவும் விடுங்கள். மேசையைப் பிறகு கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டு போக வேண்டியிருக்கும் என்றால் வெல்டிங்கே வேண்டாம், தலை தகட்டுக்குள் அமர்கிற போல்ட் போட்டு அடியில் நட்டு இறுக்கிவிடுங்கள். நான் போல்ட் கட்சி. நாளைக்குத் தகடு மாற்ற வேண்டும் என்றாலும் சட்டம் அப்படியே இருக்கும்.

வெல்டிங் மிஷினே கையில் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி, அதன் மேல் 2 மி.மீ. தகட்டைப் பசை போட்டு ஒட்டி, ஓரங்களில் ஸ்க்ரூ கொடுத்துவிடலாம். பாரத்தை மரம் தாங்கிக்கொள்ளும், தகடு எண்ணெயையும் கீறலையும் பார்த்துக்கொள்ளும். இதில் இன்னொரு லாபம் சத்தம். வெறும் தகட்டு மேசையில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், மரம் ஒட்டிய தகட்டில் 'டொக்' என்பதோடு சரி. சூடான வேலைக்கு மட்டும் இது ஆகாது.

எவர்சில்வர் தகடு துருப்பிடிக்காது என்று கட்டுரை பரிந்துரைத்திருந்தது. கழுவித் துடைக்கிற வேலைக்கு அது சரி. பட்டறைக்கு என்று வந்தால், வழக்கமாகக் கிடைக்கிற 304 ரகம் சூட்டில் எம்.எஸ்.ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைச் சீக்கிரம் கடத்தவும் செய்யாது, ஆகவே வெல்டிங் வைத்தால் இன்னும் மோசமாக நெளியும். காந்த அடி வைத்த விளக்கும் அதில் ஒட்டாது. ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் இன்னும் கவனம் தேவை: மேலே இருக்கிற துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெண்புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த இடத்துப் பூச்சைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், அந்தப் புகைக்கு ஏற்ற முகக்கவசத்தோடு செய்யுங்கள். பூப்போட்ட (மேலே புடைப்புகள் உள்ள) தகட்டை மட்டும் மேசைக்கு வாங்காதீர்கள், அது நடப்பதற்கு. எதை வைத்தாலும் சமமாக உட்காராது.

சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் விஷயம் கட்டுரையில் இல்லவே இல்லை. மேசைக்கு அதிக அடி கொடுப்பது அதுதான். அதை நடுவில் வைக்காமல் ஒரு காலுக்கு நேர் மேலே வையுங்கள், அப்போதுதான் அடி நேராகத் தரைக்குப் போகும். தகட்டில் ஓட்டை போட்டு வெறும் வாஷரோடு இறுக்கினால் போல்ட் சுற்றி மெல்லிய தகடு கிண்ணம் மாதிரி குழிய ஆரம்பிக்கும். அடியில் வைஸ் அடிப்பாகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக 8 அல்லது 10 மி.மீ. துண்டுத் தகடு ஒன்று கொடுத்து, அதோடு சேர்த்து இறுக்குங்கள். வைஸின் அசையாத தாடை மேசை ஓரத்தைத் தாண்டி ஒரு நூல் வெளியே நிற்கட்டும், நீளமான பைப்பைச் செங்குத்தாகப் பிடிக்க அது வேண்டும்.

மேசை ஆடுகிறது என்றால் முதலில் கால்களைப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு மூலைவிட்டப் பட்டையும், கால் மேலே சேருகிற மூலைகளில் முக்கோணத் துண்டுகளும் கொடுத்தால் பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிடும். தரை சமமில்லை என்றால் திருகி உயர்த்துகிற கால் போல்ட் போடுங்கள், அட்டையை மடித்து வைக்கிற வேலை வேண்டாம்.

கடைசியாக ஓரம். வெட்டி வந்த தகட்டின் விளிம்பு கத்திதான், கிரைண்டரிலோ அரத்திலோ தேய்த்து மூலைகளை உருட்டிவிட்டு அப்புறம் மேசையில் கை வையுங்கள். மேல்பரப்புக்குப் பெயின்ட் நிற்காது, அவ்வப்போது மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். சட்டத்துக்கு மட்டும் பிரைமரும் பெயின்ட்டும். கரண்ட் சாமான் பழுது பார்க்கிறவர்கள் இந்த மேசையில் ரப்பர் விரிப்பு இல்லாமல் வேலை செய்யக் கூடாது, இரும்பு முழுக்க மின்சாரம் பாயும் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதென்றால் மேசைக்கு எர்த் இணைப்பு கொடுக்க ஓர் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். இந்த எச்சரிக்கையையாவது அடுத்த வாரம் ஒரு ஓரத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்