பேரல் எத்தனை அங்குலம் இருக்கட்டும்?

பெரம்பூர், சென்னை

அன்புள்ள முரளி,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாமல் போனது. சாந்திக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமலேயே மாடிப்படி ஏறுகிறாள். பெரியவன் பூனாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது. மற்றதெல்லாம் பழையபடிதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் 1,000 கெஜத்துக்குச் சுட, உன் .308 (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்) ரைஃபிளுக்குப் புதுப் பேரல், அதாவது குழல், போடப் போகிறாய். துப்பாக்கி வேலை செய்பவர் 26 அங்குலம் போதும் என்கிறார், கிளப் நண்பர் 32 வேண்டும் என்கிறார், நீ நடுவில் நிற்கிறாய். எனக்கு 50 மீட்டரைத் தாண்டிச் சுட வாய்ப்புக் கிடைத்ததில்லை. ஆனால் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க இரும்பைக் கடைந்தவன் நான். உலோகத்தையும் கணக்கையும் நம்பிச் சொல்கிறேன்: 30 அங்குலம் எடு. குண்டு வெளிவரும் வாய்ப்பக்கம் ஒல்லியாகச் சீவிவிடாமல் கனமாகவே விடச் சொல்.

ஏன் என்று கேட்பாய். முதலில் நம் எழும்பூர் நாட்களின் சின்ன .22 ரைஃபிள் பழக்கத்தை நீ மறக்க வேண்டும். அந்தச் சின்னத் தோட்டாவில் வெடிமருந்து கொஞ்சம்தான். பதினாறு, பதினேழு அங்குலம் போவதற்குள் அதன் உந்துதல் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அதற்கு மேல் பேரல் நீண்டால் உராய்வுதான் மிச்சம், வேகம் கூடாது. போட்டி ரைஃபிள்களில் பேரல் இருபத்தாறு, இருபத்தேழு அங்குலம் இருப்பது குறிபார்க்கும் சைட்டுகளுக்கு இடையே தூரம் கிடைக்கவும் எடை சமமாக நிற்கவும்தான். போதாதென்று வாயில் நீட்டுக் குழாயும் மாட்டிக்கொள்கிறார்கள். .22 போட்டித் தோட்டாவைப் புறப்படும்போதே ஒலியின் வேகத்துக்குக் கீழே இருக்கும்படி செய்திருப்பதால், அந்த எல்லையை வழியில் கடக்கும் தொல்லையும் அதற்கு இல்லை.

.308 அப்படியில்லை. இதில் மருந்து நிறைய. 26 அங்குலத்துக்குப் பிறகும் அங்குலத்துக்கு ஆறேழு மீட்டர் வேகம் கூடிக்கொண்டே போகும். நீ சுடும் 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) குண்டு 30 அங்குலப் பேரலிலிருந்து நொடிக்கு 900 மீட்டர் அளவில் கிளம்பும். 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர், போய்ச் சேரும்போது 380, 390தான் மிஞ்சியிருக்கும். 15 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 340. அந்த எல்லையை நெருங்க நெருங்கக் குண்டின் மேல் காற்றழுத்தம் இடம் மாறி அது தள்ளாடத் தொடங்கும். தள்ளாடிய குண்டு எங்கே போய் விழும் என்று யாரும் கணிக்க முடியாது. ஆக உன் கையில் இருக்கும் இடைவெளி நொடிக்கு நாற்பது, ஐம்பது மீட்டர்தான். 26 அங்குலத்துக்கு இறங்கினால் அதில் பதினைந்து மீட்டர்போலக் காணாமல் போகும்.

உங்கள் ஊர்க் குளிரையும் இதில் சேர்த்துப் பார். 35 டிகிரியில் இருக்கும் நம் சித்திரைக் காற்றைவிட 5 டிகிரிக் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் அடர்த்தி. குண்டின் வேகத்தை அந்த அளவுக்குக் கூடுதலாகத் தின்னும். மருந்தும் குளிரில் கொஞ்சம் மந்தமாக எரியும். ஜூலையில் நன்றாகப் போகும் ரைஃபிள் மார்ச் காலையில் 1,000 கெஜத்தில் சிதறடித்தால் குறை உன் கையில் இருக்காது.

நீ எழுதியிருந்த இன்னொரு செய்திதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பெரிய போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே தோட்டாவைத்தான் கொடுக்கிறார்கள் என்றாய். அப்படியானால் பேரலுக்கேற்ற மருந்தை நீயே அளந்து போட்டு வேகத்தைக் கூட்ட வழியில்லை. உன் கையில் இருக்கும் ஒரே வழி நீளம். 26 போதும் என்கிறவர் தொலைநோக்கிச் சைட்டும் தாங்குகாலும் வைத்து, தானே தோட்டா தயாரித்துச் சுடுகிறவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அது சரியாகவே இருக்கலாம்.

அடுத்தது உன் கண். நீ தொலைநோக்கி இல்லாத இரும்புச் சைட்டில், தோள்வாரை இறுக்கிப் படுத்துச் சுடுகிறவன். முன் சைட்டு நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால் என்ன ஆகும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு சைட்டுக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தால் 1,000 கெஜத்தில் 91 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 85 சென்டிமீட்டர் என்றால் 108. ஏறக்குறைய ஒரு தலைமுடி கனமே உள்ள விலகலுக்கு இவ்வளவு. அதோடு நமக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கிட்டத்தில் இருக்கும் பொருள் கண்ணுக்குக் கலங்குகிறது. முன் சைட்டு நான்கு அங்குலம் தள்ளிப் போனால் வளையம் அந்த அளவுக்குத் தெளிந்து தெரியும். பின் சைட்டில் அரை டயாப்டர் (+0.5 பவர்) கூட்டல் லென்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தாயா? கண் மருத்துவரிடம் படிக்கும் கண்ணாடிக்கு என்று சொல்லாதே. சைட்டு கண்ணிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று அளந்து கொண்டுபோய்ச் சொல்.

இவ்வளவு சொல்கிறவன் 32 ஏன் வேண்டாம் என்கிறேன்? இங்கேதான் என் தொழில் பேசுகிறது. நீளமான தண்டை லேத்தில் ஒரு முனையில் மட்டும் கவ்விக்கொண்டு கடைந்தால், உளி பட்டதும் மறுமுனை அதிரும். கடைந்த இடம் வரிவரியாக இருக்கும். பேரலும் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டுதான். நீளம் கூடினால் வளைவு அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 26க்கு 30 ஒன்றரை மடங்கு வளையும், 32 ஏறக்குறைய 1.9 மடங்கு. கடைசி இரண்டு அங்குலத்தில் கிடைக்கும் வேகமோ பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர். கனத்தின் கணக்கு இதற்கு நேர்மாறு. விட்டம் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். ஆகவே எடையைச் செலவழிப்பதென்றால் நீளத்தில் அல்ல, கனத்தில் செலவழி. அதிலும் ஓர் எல்லை உண்டு. வாய்ப்பக்கம் கனத்தால் இடக்கை எத்தனை குண்டுக்குச் சோராமல் தாங்கும் என்று, அதே கனத்தில் வேறொருவருடைய ரைஃபிளை வாங்கிப் படுத்துப் பார்த்து முடிவு செய். இறுதிச் சுற்றில் 900, 1,000 இரண்டு தூரத்திலும் பதினைந்து குண்டுகள் என்றாயே.

குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரம் கூடுகிறதே என்று நீ கவலைப்பட்டதற்கு ஒரு வரி. .308க்கு நான்கு அங்குலம் கூடினால் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் கூடும். விசையை அழுத்திய பிறகும் அசையாமல் படுத்திருக்கும் பழக்கம் உனக்கு .22 காலத்திலேயே வந்துவிட்டது. விட்டுத் தள்ளு.

30 எடுப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பேரலை வெட்டலாம், ஒட்ட முடியாது. சில ஆயிரம் குண்டுகள் போன பிறகு தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் இருக்கும் பகுதி சூட்டில் அரித்துப்போகும். அப்போது பின்பக்கம் ஓர் அங்குலம் வெட்டி, சேம்பரைப் புதிதாகக் கடைந்து மறுபடியும் பூட்டலாம். வாயில் கீறல் விழுந்தாலும் அரை அங்குலம் வெட்டி முகத்தைச் சீர்செய்யலாம். 30ல் தொடங்கியவனுக்கு இதற்கெல்லாம் இடம் இருக்கும், 26ல் தொடங்கியவன் கையைப் பிசைய வேண்டும்.

குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகளின் சுற்று 13 அங்குலத்துக்கு ஒன்று என்று கேள். 155 கிரெய்னுக்கு அது பொருந்தும். ஆனால் கனமான குண்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடு, அதற்கு இன்னும் இறுக்கமான சுற்று வேண்டும். முன் சைட்டின் அடித்தளம் பேரல் வாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே உட்காரும், பின் சைட்டு வரை மொத்தம் எவ்வளவு என்பதையும் துப்பாக்கி வேலை செய்பவர் வெட்டுவதற்கு முன் அளந்து அனுப்பு. நான் கணக்கைச் சரிபார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு