வூலா அத்தை

அன்புள்ள செல்விக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாப்பிள்ளையின் பூர்வீகம் தேடப் போனீர்களே, என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அவருடைய தாத்தா 1963-இல் பாட்ரிஸ் கப்பலில் மெல்போர்ன் வந்தவர். ஊர் கிரீஸில் கலமாட்டா பக்கம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. குடும்பப் பெயர் ‘ஓபுலோஸ்’ என்று முடிவதால் பெலோபொனீஸ்காரர்கள் (கலமாட்டா இருக்கும் தெற்குத் தீபகற்பம்) என்பது மட்டும் பொருந்துகிறது, ‘ஆக்கிஸ்’ என்று முடிந்திருந்தால் கிரீட் தீவுப் பக்கம் தேடியிருப்போம். கல்லறையில் பெயர் வெட்டியிருப்பார்களே என்று முதலில் அங்கேதான் இழுத்துக்கொண்டு போனேன். போனால், மூன்று நாலு வருஷத்தில் எலும்பைத் தோண்டி ஒயினில் கழுவிப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, குழியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்!

அப்புறம் கலமாட்டா ஆவணக் காப்பகம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவென்று வைத்த ஆண்கள் பதிவேடு, ‘மித்ரோ அரெனோன்’ என்பார்கள். தாத்தாவின் பெயர் டிமித்ரியோஸ். அதில் ஒரே குடும்பப் பெயரில் நாலு டிமித்ரியோஸ். பொதுவாக மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர்தான், அதனால் அண்ணன் தம்பி நாலு பேர் வீட்டிலும் அதே பெயர் ஓடுகிறது. (நாமும் அதனால்தானே பேரன் என்கிறோம்.) நம் இனிஷியல் மாதிரி, பக்கத்தில் இருக்கும் அப்பா பெயரை வைத்துத்தான் பிரித்தோம்.

ஆனால் தாத்தாவைப் பெற்றவள்? ஆண்கள் பதிவேட்டில் அவளை எங்கே தேடுவது? வீட்டில் எல்லோருக்கும் அவள் வெறும் ‘யாயா’, அதாவது பாட்டி. ராத்திரி சாப்பிடும்போது என் மகள் சட்டென்று, “முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர்தானே வைப்பீர்கள், உங்க பெரிய அத்தை பெயர் என்ன?” என்றாள். “வூலா அத்தை” என்றார் மாப்பிள்ளை. வூலா செல்லப்பெயராம். முழுப்பெயர் ஸ்டாவ்ரூலா.

மறுநாள் நகராட்சியில் குடும்பப் பதிவைக் கேட்டு வாங்கினோம். பெண்களுக்கு அதே குடும்பப் பெயர் ‘ஓபூலு’ என்று திரியும், அது தெரியாமல் வேறு யாரோ என்று நான் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டேன், மகள்தான் திரும்ப எடுத்தாள். ஸ்டாவ்ரூலா. தாத்தாவின் பெயருக்கு மேலேயே இருந்தாள்.

அடிலெய்டில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னோம். “இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க, என்னைக் கேட்டிருக்கலாமே” என்றார்.

மார்ச்சில் மதுரை வருகிறேன், படம் எல்லாம் காட்டுகிறேன்.

அன்புடன்,
மீனா