25 அடி வண்டியில் ஓர் ஏரிக்கரைக்கு

சியாட்டில்
ஆகஸ்ட் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அம்மா நடுவில் வாங்கி "சாப்பிட்டியா" என்று கேட்டதும் பேச்சு குழம்புக்கும் ரசத்துக்கும் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிகிறவரை நீங்கள்தான் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். ஓர் இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள். அது வரும்போது சொல்கிறேன்.

அப்பா, நான் பெரிய வண்டி ஓட்டினேன். 25 அடி நீளம். முகம் வேன், முதுகு வீடு. இங்கே ஆர்வி என்பார்கள். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் இருக்கும். வாடகைக்குக் கொடுத்தவர்கள் என் சாதாரண கார் லைசன்ஸைப் பார்த்துவிட்டு, கால் மணி நேரம் பட்டன்களைக் காட்டி, சாவியை நீட்டிவிட்டார்கள். ஹெவி லைசன்ஸுக்கு நீங்கள் அலைந்த கதையை நினைத்துக்கொண்டேன். சொந்த உபயோகத்துக்கான இந்த மாதிரி வண்டிக்கு இங்கே அது தேவையில்லையாம். உங்கள் மாப்பிள்ளை ஓட்டுவதாகத்தான் பேச்சு. முதல் திருப்பத்தில் அவர் பிடித்த பிடியைப் பார்த்து, நானே வாங்கிக்கொண்டேன்.

போன இடம் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் ஃபிளாட்ஹெட் ஏரி. இங்கிருந்து 750 கிலோமீட்டருக்கு மேல். வாஷிங்டன், ஐடஹோ என்று இரண்டு மாநிலம் தாண்ட வேண்டும். ஐடஹோ முடிந்து மொன்டானா தொடங்குகிற இடத்தில் லுக்அவுட் கணவாய், 4,710 அடி. வால்பாறையைவிட உயரம்தான், ஆனால் அகலமான ரோடு, கொண்டை ஊசி ஒன்றுகூட இல்லை. உங்கள் நாற்பது வளைவுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இறக்கத்தில் வண்டி தன் கனத்தாலேயே ஓட ஆரம்பித்ததும் வயிற்றைப் பிசைந்தது. "ஏறுன கியர்லயே இறங்கணும் அம்மிணி, பிரேக்கை நம்பாதே" என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. ஆட்டோமேட்டிக் வண்டிதான், ஆனால் கியரைக் குறைத்து வைக்க வழி உண்டு. குறைத்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்தது. பின்னால் சின்னவள் தூங்கிக்கொண்டே வந்தாள்.

கணவாயைத் தாண்டியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நேரம். அதனால் ஏரியின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஃபின்லி பாயின்ட் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு. கோடையில் அங்கே ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் பிழைத்தேன். ஏனென்றால் எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் வண்டியை ரிவர்ஸில் விட வேண்டும். ஒரு பக்கம் பைன் மரம், இன்னொரு பக்கம் மர மேசை. பின் சக்கரத்துக்குப் பின்னால் எட்டடிக்கு உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் இந்தப் பக்கம் ஒடித்தால் வால் அந்தப் பக்கம் வீசுகிறது. பின்னால் நின்ற உங்கள் மாப்பிள்ளை இரண்டு கையையும் ஏரோப்ளேன் இறக்குகிறவர் போல ஆட்டினார். ஒன்றும் விளங்கவில்லை. இறங்கிப் போய், "கையை ஆட்டாதீங்க, பாடியைத் தட்டுங்க. வரலாம்னா ஒரு தட்டு, நிக்கணும்னா ரெண்டு தட்டு" என்றேன். அப்புறம் பாருங்கள், டொக்… டொக்… டொக்… என்று தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் டொக்டொக். இறங்கிப் பார்த்தால் மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. பக்கத்து வண்டிக்காரத் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். எந்த டிப்போவில் படித்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது!

காலையில்தான் ஏரியைச் சரியாகப் பார்த்தேன். பொள்ளாச்சியிலிருந்து கோயம்புத்தூர் போகிற தூரத்துக்கு நீளம், ஆழம் அதிகபட்சம் 113 மீட்டர். பனிப்பாறை நகர்ந்து போட்டுவிட்டுப் போன மண்மேடு தெற்கே அணை மாதிரி நின்று தண்ணீரைத் தேக்கியிருக்கிறது. கிழக்கே மிஷன் மலைகள் சுவர் போல எழுந்து நிற்கின்றன. ஜூலைக் கடைசியிலும் உச்சியில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. கரையோரத் தண்ணீரில் சிவப்பு, பச்சை, சாம்பல் என்று கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. முழங்காலளவுதானே என்று இறங்கினால் இடுப்பளவு இருக்கிறது. குளிர்ச்சி எலும்பில் ஏறியது, ஒரு முங்கு போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஏரியின் தென்பாதி சேலிஷ், கூட்டெனை, பென்டோரே பழங்குடி மக்களின் நிலப்பகுதிக்குள் வருகிறது. ஏரியிலிருந்து வெளியேறுகிற ஆற்றில், போல்சன் ஊருக்குக் கீழே 1938இல் ஓர் அணை கட்டினார்கள். ஏரியின் மேல் பத்தடி தண்ணீரை ஏற்றி இறக்குவது அந்த அணைதான். அவர்கள் மண்ணில் வேறொருவருடைய அணையாக இருந்ததை 2015இல் அந்த மக்களே விலைக்கு வாங்கி, தங்கள் மூன்று குடிகளின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஆழியாறு தண்ணீர்ப் பங்கீடு பற்றி டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிற ஆள் நீங்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இனி அம்மாவுக்குப் படிக்க வேண்டாம்.

இந்த வண்டியில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் அடியில் ஒரு டேங்கில் சேரும். கக்கூஸுக்குத் தனி டேங்க். நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர்க் குழாயும் கரண்டும் இருந்தன, சாக்கடை இல்லை. நான் பாட்டுக்கு வீட்டில் போல அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, கொட்டிக்கொண்டே இருந்தேன். டேங்க் பிடிப்பது நூறு லிட்டர் சொச்சம்தான். மூன்றாம் நாள் காலை குளிக்கப் போன உங்கள் மாப்பிள்ளை கத்தினார். குளியல் தொட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது! கணுக்காலைச் சுற்றிக் கடுகும் கறிவேப்பிலையும் மிதக்கின்றன.

வண்டியைக் கிளப்பி, கழிவு கொட்டுகிற இடத்துக்குப் போனோம். கையுறை மாட்டி, மூன்று அங்குல ஹோஸை வண்டியின் அடியில் பொருத்தி, மறுமுனையைத் தரையிலிருக்கும் ஓட்டையில் செருகி, முதலில் கக்கூஸ் டேங்கைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் குளியல் தண்ணீர். அது ஹோஸை அலசிக்கொடுக்கும். மாற்றிச் செய்தால் நாற்றத்தோடு ஊர் சேரலாம். நான்தான் செய்தேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும், முத்துமாலை போட்டிருந்தார், தன் வண்டியுடையதைத் தானே கொட்டிவிட்டு இடத்தைக் கழுவிவிட்டுப் போனார். நம் ஊரில் இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். அன்று முழுக்க அது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, அம்மாவைக் கூப்பிடுங்கள்.

அம்மா, இட்லித் தட்டைக் கொண்டுபோனேன். வண்டி அடுப்பில் நன்றாகவே வெந்தது. ஏசியும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் போட்டால்தான் கரண்ட் போய்விடுகிறது. கருவாடு கொண்டுபோகவில்லை, பயப்படாதே. கரடி வருகிற இடம், ஒரு பிஸ்கட் துண்டைக்கூட ராத்திரி வெளியே வைக்கக் கூடாது. அப்பா ஓட்டுகிற பாதையில் யானை நிற்பது போலத்தான், நாம் ஒதுங்கிப் போக வேண்டும். ஏரியின் கிழக்குக் கரை நெடுக செர்ரித் தோட்டம். 1989 குளிரில் ஏராளமான மரம் செத்துப்போய், மறுபடி நட்டார்களாம். ரோட்டோரம் ஒரு மேசையில் பழப் பை அடுக்கியிருந்தது, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, ஆளே இல்லை. கறுஞ்சிவப்புப் பழம், கடித்தால் சின்னவளின் சட்டை வரைக்கும் தெறிக்கிறது. கறை இன்னும் போகவில்லை. உப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்தாயிற்று. வேறு ஏதாவது தெரிந்தால் சொல்.

அப்பா, அங்கிருந்து வடக்கே கிளேசியர் பூங்காவில் 1933இல் திறந்த மலைப்பாதை ஒன்று இருக்கிறது. பாறையைக் குடைந்து போட்டது. உயரமான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விட மாட்டார்கள். எங்களுடையது 25 அடி என்பதால் திரும்பிவிட்டோம். அடுத்த வருஷம் சின்ன வண்டியாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாயிற்றா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்