செயலாளரின் ஆண்டறிக்கை: பிசியோதெரபி கல்வியும் தொழில் தரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கூடியுள்ள இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், செயலவையின் சார்பில் இவ்வறிக்கையை முன்வைக்கிறேன். செயலவைக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே விளக்குவார்.

மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774-ஆவது சட்டம், 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் உள்ள 23 தொழில்களுள் பிசியோதெரபியும் ஒன்று. அச்சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் பதிவு பெற்று, தொழில்புரியும் சான்றிதழையும் வைத்திருப்பவரே இன்று இத்தொழிலை நடத்த முடியும். இதனைத் தமிழில் எடுத்துச் சொல்வதையே செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி தினக் கூட்டத்தின் பொருளாகக் கொண்டோம். முட்டிவலிக்கும் பக்கவாதத்திற்கும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதுதான் பிசியோ என்று நம்பும் முதியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் சிகிச்சையாளரின் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சொன்னபோது, பலருக்கும் அது புதிய செய்தியாக இருந்தது.

எனினும் சட்டம் தகுதியற்றவரைத் தடுக்குமே தவிர, தகுதியானவரை உருவாக்காது. வங்காளதேசத்தின் அனுபவத்தை நமது படிப்பு வட்டத்தில் விரிவாக ஆராய்ந்ததற்குக் காரணம் இதுவே. வேலரி டெய்லர் என்ற பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் 1979-இல் டாக்காவில் ஒரு மருத்துவமனையின் பழைய கிடங்கில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்காகத் தொடங்கிய மறுவாழ்வு மையம், 1992-இல் தனக்கென ஒரு கல்வி நிறுவனத்தையும் அமைத்தது. நோயாளியின் கட்டிலருகே மாணவர் கற்கும் சூழல் அங்கே முதலில் உருவாயிற்று. தொழிலை முறைப்படுத்தும் சட்டம் 2018-இல்தான் வந்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 10 லட்சம் மக்களுக்கு 10 பேருக்கும் குறைவான மறுவாழ்வுப் பணியாளர்களே உள்ளனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அத்தகைய நாடுகளில் வெளியிலிருந்து வரும் நிபுணர் ஒருவர் சிகிச்சை மட்டும் அளித்துத் திரும்பினால் சேவை அவரோடு நின்றுவிடும். உள்ளூர் ஆசிரியர்களை உருவாக்கினால் மட்டுமே அது வேரூன்றும்.

நமது நாட்டில் மூன்றாண்டு டிப்ளோமாவும் நான்காண்டு பட்டமும் அருகருகே நடைபெறுகின்றன. பிசியோதெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு நெடுங்காலம் பரிந்துரைத்து வந்தது நான்காண்டுப் பல்கலைக்கழகக் கல்வியையே என்பதால், இது குறித்து உறுப்பினர்களிடையே கடுமையான விவாதம் எழுந்தது. ஆண்டுக் கணக்கைவிட, மருத்துவமனைப் பயிற்சியில் மாணவருக்கு அருகில் யார் நிற்கிறார் என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. பக்கவாதம் வந்தவரை முதன்முதலாக எழுந்து நிற்கவைக்கும்போது கையை எங்கே வைப்பது, எப்போது விடுவது என்பதைப் பாடப்புத்தகம் ஓரளவே கற்பிக்கும். வார்டில் தம் நோயாளிகளையும் கவனித்துக்கொண்டு மாணவர்களுக்கும் வழிகாட்டும் மூத்தவர்களுக்கு, அதற்கென நேரமும் பயிற்சியும் தரப்பட வேண்டும்.

ஆகவே, அடுத்த ஆண்டின் கல்வி நிதியை விருந்து நிகழ்ச்சிக்குச் செலவிடாமல், மருத்துவமனைப் பயிற்சியை வழிநடத்தும் உறுப்பினர்களுக்கான பட்டறைக்கு ஒதுக்கும் தீர்மானத்தைச் செயலவை முன்மொழிகிறது. அதனையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்