மூன்றாண்டுக்குள் அடங்காத நோய்: ஆய்வு நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை ஆராய்வது என் வேலை. உங்களிடம் பலமுறை விண்ணப்பித்திருக்கிறேன். சில தடவை நிதி கிடைத்தது, பல தடவை கிடைக்கவில்லை. கிடைக்காததைப் பற்றி எழுத வரவில்லை. கிடைத்த நிதியோடு சேர்ந்து வரும் மூன்றாண்டுக் கெடுவைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் சிறுநீரகத்தின் உழைப்பைச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம். உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. ஒரு நாளில் வடிகட்டப்படுவது சுமார் 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. மீதி அத்தனையையும் நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சுகின்றன. அதற்குச் சோடியத்தை ஓயாமல் இறைக்கும் பம்புகள் வேண்டும். பம்புகளுக்கு ஏடிபி, அதாவது மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கும் ஆற்றல் மூலக்கூறு, வேண்டும். ஆகவேதான் வடிகட்டியை அடுத்துள்ள அண்மை நுண்குழல் செல்களில் மைட்டோகாண்ட்ரியா அவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. குளுக்கோஸை முழுவதும் மீட்டு இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, தங்கள் எரிபொருளுக்குக் கொழுப்பு அமிலங்களை நம்பியிருக்கும் செல்கள் அவை. நுண்ணோக்கியில் முதன்முதலாக அவற்றைப் பார்த்த நாளில்தான் இந்தத் துறையை விட்டுப் போகமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

நாள்பட்ட சிறுநீரக நோயில் இந்தக் கொழுப்பெரிப்பு தளர்ந்துவிடுகிறது. கொழுப்பு செல்லுக்குள் துளித்துளியாகத் தேங்குகிறது, நார்த்திசு பரவுகிறது. 2015இல் மனிதத் திசுவிலும் எலிகளிலும் இது தெளிவாகக் காட்டப்பட்டது. மைட்டோகாண்ட்ரியாவின் பழுது நோயை எந்தக் கட்டத்தில் தொடங்கிவைக்கிறது, எந்தக் கட்டத்தில் அதுவே நோய்க்கு இரையாகிறது என்பதுதான் நான் விடாமல் துரத்தும் கேள்வி. நோயோ ஓசையில்லாமல் வளர்கிறது. வடிகட்டும் திறனில் பாதி போன பிறகும் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு இயல்பாகவே தெரியக்கூடும்.

இப்படி ஆண்டுக்கணக்கில் முற்றும் நோயை மூன்று ஆண்டில் எப்படிப் பிடிப்பது? பிடிப்பதில்லை. சீக்கிரம் முடியக்கூடிய வேறொன்றை அதற்குப் பதிலாக ஆராய்கிறோம். நுண்குழல் செல்களைப் பிரித்து, சர்க்கரை நிறைந்த திரவத்தில் வளர்க்கிறோம். சில நாட்களிலேயே அவை கொழுப்பை விட்டு, சர்க்கரையைச் சிதைத்துப் பிழைக்கப் பழகிவிடுகின்றன. நாம் அறிய விரும்பிய தன்மையே மங்கிவிடுகிறது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் செல்கள் வளரும் அந்தத் தட்டு சில வாரங்களில் கட்டுரைக்கான வரைபடம் தரும். இல்லையென்றால் இளம் ஆண் சுண்டெலியின் சிறுநீரகத் தமனியை அரை மணி நேரம் இறுக்கிப் பிடித்து விடுவிக்கிறோம். மறுநாளே பாதிப்பு தெரியும். பெண் எலிகள் அதே அடியை எளிதில் தாங்குகின்றன என்பதால் அவற்றை ஒதுக்கிவிடுவதும் வழக்கம். இதனால் கற்றது நிறைய உண்டு. ஆனாலும் இருபது ஆண்டு நீரிழிவோடு வாழ்ந்த ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை இந்த எலி எனக்குக் காட்டாது.

ஒரு சுண்டெலி முதுமையடைய ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். நெறிமுறை அனுமதியும் இனப்பெருக்கமும் சேர்ந்தால் கெடு அங்கேயே முடிந்துவிடும். என் விண்ணப்பம் ஒன்றில் வயதான எலிகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது. "காலத்துக்குள் முடியாது" என்று மதிப்பீட்டாளர் எழுதினார். அவர் சொன்னது சரிதான். நீக்கினேன், நிதி கிடைத்தது. இன்றும் அந்த வருத்தம் போகவில்லை.

ஆட்களும் இதே கெடுவில்தான் போகிறார்கள். சிறுநீரகத்திலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரியா பனிக்கட்டியில் வைத்தாலும் சில மணி நேரமே நம்பத்தக்கது. விடியலில் தொடங்கி, அது தளர்வதற்குள் ஆக்சிஜன் நுகர்வை அளந்துவிட வேண்டும். அந்தக் கைப்பக்குவம் ஏட்டில் வராது. எங்கள் ஆய்வகத்தில் அதில் கைதேர்ந்த தொழில்நுட்பர் ஒருவர் இருந்தார். ஒப்பந்தம் முடிந்தது, போய்விட்டார். அதே தரத்துக்கு நாங்கள் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

நீண்ட காலம் வீணாகாது என்பதற்கு ஃபுளோரிசின் என்ற சேர்மமே சான்று. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து அது 1835இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று 1880களில் தெரிந்தது. நெடுங்காலம் அது சிறுநீரகம் சர்க்கரையை எப்படி மீட்கிறது என்று அறிய உதவும் கருவியாக மட்டுமே இருந்தது. அந்த அறிவிலிருந்து பிறந்த, சர்க்கரையை மீட்கும் புரதத்தைத் தடுக்கும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்துகள் சிறுநீரகச் செயலிழப்பைத் தாமதப்படுத்துகின்றன என்று 2019, 2020இல் வெளியான பெரிய மருத்துவப் பரிசோதனைகள் காட்டின. நுண்குழலின் சுமையும் ஆக்சிஜன் தேவையும் குறைவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். நாள்பட்ட நோய்களுக்கென்று ஆறு, ஏழு ஆண்டு நிதியைத் தனியாக ஒதுக்குங்கள். இடையில் கணக்குக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் எத்தனை கட்டுரை என்று கேட்காமல், எத்தனை விலங்குகள் எந்த வயதில் இருக்கின்றன, திசு மாதிரிகள் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். தொழில்நுட்பர்களின் சம்பளத்தை ஒரு திட்டத்தின் ஆயுளோடு கட்டிப்போடாதீர்கள். சோதித்துப் பார்த்தும் பலன் தராத சேர்மங்களின் முடிவுகளையும் வெளியிடச் சொல்லி, அதற்கும் பணம் கொடுங்கள்.

அடுத்த சுற்றுக்கான படிவத்தில் "மூன்றாம் ஆண்டு இறுதியில் எதிர்பார்க்கும் முடிவு" என்ற கட்டத்தை மாற்றுவீர்களானால், அன்று நீக்கிய பகுதியை மறுபடி சேர்த்து அனுப்புகிறேன். வயதான எலிகள், ஆணும் பெண்ணுமாக.

அன்புடன்,
ஒரு சிறுநீரக ஆய்வாளர்